நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறதா? புது பேட்டரி, சார்ஜர், கட்-ஆஃப் சுவிட்ச்: எதற்குக் காசு போடலாம்

வாரக் கடைசியில் மட்டும் கார் எடுப்பவர்களும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் காரைப் போர்ட்டிகோவில் வைத்துக் காவல் காக்கும் பெற்றோரும் கேட்பது ஒன்றுதான்: “பத்து நாள் நின்னா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, பேட்டரியை மாத்திடலாமா?” யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பேட்டரிக் கடைக்காரர் மாற்றச் சொல்வார். எலக்ட்ரீஷியன், “எங்கேயோ லீக் ஆகுது, வயரிங் பாக்கணும்” என்பார். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்வார். இந்த மூவரில் முதலிருவரில் ஒருவர் சொல்வது சரியாக இருக்கலாம். யார் என்று பார்க்காமலே பெரும்பாலோர் நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அதுதான் இருக்கிற வழிகளிலேயே செலவு கூடியது. காரணம் வேறாக இருந்தால் புது பேட்டரியும் அடுத்த மாதம் அதே போலப் படுத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் (எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு) பேட்டரி. கார் பூட்டிக் கிடக்கும்போதும் கடிகாரம், ரிமோட் ரிசீவர், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். மொத்தம் 20 முதல் 50 மில்லியாம்பியர் (ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருந்தால் அது இயல்பு. 30 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். பத்து நாளில் 7 சொச்சம், ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 22. அதாவது எந்தக் கோளாறும் இல்லாத கார், நிறை சார்ஜோடு நிறுத்தியது, ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். பேட்டரிக்கு வயது மூன்றைத் தாண்டி, 35 என்று எழுதியிருந்தும் உள்ளே 22 தான் மிச்சம் என்றால் கதை முடிந்தது. இதில் கார் கம்பெனி மேலும் தப்பில்லை, எலக்ட்ரீஷியன் மேலும் தப்பில்லை. ஓட்டாமல் விட்டதுதான் காரணம்.

இதே கணக்கை 300 மில்லியாம்பியருக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 7.2. இரண்டரை நாளில் பாதி காலி. ஆகவே எத்தனை நாளில் இறங்குகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஓர் இரவிலேயே படுத்தால் ஏதோ பெரிதாக எரிந்துகொண்டிருக்கிறது, அல்லது பேட்டரியே செத்துவிட்டது. மூன்று நான்கு நாள் தாங்கினால் இரவு முழுக்க விழித்திருக்கும் ஏதோ ஒரு பொருள், அல்லது பலவீனமான பேட்டரி. மூன்று நான்கு வாரம் நின்று அப்புறம் மக்கர் செய்தால் பழுது தேடிக் காசு செலவழிக்க வேண்டாம். நேராகக் கட்டுரையின் பின்பாதிக்குப் போய்விடலாம்.

காசில்லாத சோதனை

பேட்டரியா காரா என்று பிரித்துப் பார்க்க ஒரு ஸ்பேனரும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் போதும். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்யுங்கள். காரை ஓட்டி அல்ல, கடையில் கொடுத்து இரவு முழுக்க மெதுவான சார்ஜில் போடச் சொல்லுங்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் அளவில் ஏற்றுவது நல்லது. அவசர சார்ஜ் என்று ஒரு மணி நேரத்தில் சூடாக்கித் தருவதை வாங்காதீர்கள். வந்ததும் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் அடிமட்டம்.

பிறகு காரில் வைத்து, நெகட்டிவ் கேபிளை மட்டும் மாட்டாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்படியும் தானாகவே 12.3, 12.2 என்று இறங்கினால் குற்றவாளி பேட்டரி. மேற்கொண்டு விசாரணை தேவையில்லை, மாற்றிவிடலாம். 12.5க்கு மேலேயே நின்றால் பேட்டரி தானாக இறங்கவில்லை, கார் தின்கிறது. கேபிளை மாட்டி ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், சும்மா நிற்கும்போது நல்ல பிள்ளையாக இருந்தாலும் பாரம் தாங்காத பேட்டரி அது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட் போட்ட பிறகும் 13 பக்கமே நின்றால் ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) இருந்து சரியாக சார்ஜ் ஏறவில்லை. அப்படிப்பட்ட காரை நிறுத்தி வைத்தாலும் ஓட்டினாலும் பேட்டரி இறங்கத்தான் செய்யும்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் இந்த அளவுகள் எல்லாம் பொய் சொல்லும். சோடா உப்புக் கரைசலில் தேய்த்து, காய வைத்து, இறுக்கி மாட்டிய பிறகு பாருங்கள். லூஸ் கிளாம்பினால் மட்டும் தூக்கி எறியப்பட்ட பேட்டரிகள் நம் ஊரில் எத்தனையோ.

எது தின்கிறது என்று தேடுவது

இங்கேதான் ஆள் வைப்பதா, நாமே பார்ப்பதா என்ற கேள்வி. நாமே பார்க்கலாம் என்பது என் கருத்து. குறைந்தபட்சம் எத்தனை மில்லியாம்பியர் போகிறது என்ற எண்ணையாவது நாமே எடுத்துவிட வேண்டும். அந்த எண் கையில் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் பேசும் தோரணையே மாறிவிடும்.

பானெட்டைத் திறந்து வைத்து, கதவு லாக்கை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடியது போலாக்கி, காரைப் பூட்டி, சாவியைத் தள்ளி வையுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைப் பாலமாகப் பிடியுங்கள். முடிந்தால் மீட்டரை முதலில் இரண்டு பக்கமும் கிளிப் போட்டுவிட்டு அப்புறம் கிளாம்பைக் கழற்றுங்கள். மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலே தூங்காமல் விழித்திருக்கும் மாட்யூல் (காருக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்களில் ஒன்று) ரீசெட் ஆகிச் சமத்தாகத் தூங்கிவிடும், பழுது ஒளிந்துகொள்ளும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் இல்லாத மலிவு மீட்டர் என்றால் மீட்டரே போகும்.

முதலில் இரண்டு மூன்று ஆம்பியர் காட்டினாலும் பதற வேண்டாம். கார் உடனே தூங்காது. இருபது நிமிடம், சில மாடல்களில் நாற்பது நிமிடம் கூட ஆகும். பொறுமையில்லாமல் ஐந்தாவது நிமிடமே “600 மில்லியாம்பியர் லீக்” என்று தீர்ப்புச் சொல்லும் கடைகள் உண்டு. அங்கே வயரிங்கைப் பிரிக்க விடாதீர்கள். முக்கால் மணி கழித்தும் 50ஐ விட நன்றாக அதிகமாக நின்றால்தான் தேட வேண்டும்.

தேடும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது கம்பெனி போட்ட வயரை அல்ல, நாம் பிறகு போட்டதை. வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டத்தில் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும், சிவப்புக்குச் சாவி போட்டால்தான் வர வேண்டும். சாவியின் கீழ் வரும் ஒயரைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டுப் போகும் வேலை இன்றும் நடக்கிறது. அப்படிச் செய்தால் செட் இரவெல்லாம் அரைத் தூக்கம்தான். அடுத்தது டேஷ்கேம். பார்க்கிங் மோடில், அதாவது கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் நிலையில், 200, 300 மில்லியாம்பியர் எடுப்பது சாதாரணம். அதன் ஹார்டுவயர் கிட்டில் எத்தனை வோல்ட்டில் நிற்க வேண்டும் என்று வைக்கும் வசதி இருக்கும். அது 11.8 போன்ற எண்ணில் இருந்தால் கேமரா பிழைத்துக்கொள்ளும், கார் எழுந்திருக்காது. 12.4க்கு மாற்றுங்கள், அல்லது பார்க்கிங் மோடையே அணையுங்கள். ஜிபிஎஸ் டிராக்கர், பழுது கண்டறியும் ஓபிடி சாக்கெட்டில் செருகி மறந்த புளூடூத் கருவி, மலிவு ரிமோட் லாக் கிட், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் இதே வரிசை. எதையும் அறுக்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அளந்தாலே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஃப்யூஸ்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறது என்று பார்ப்பது பழைய முறை. பழைய கார்களுக்கு இன்றும் அதுதான் எளிது. புதிய கார்களில் ஒரு ஃப்யூஸைப் பிடுங்கிச் செருகினாலே தூங்கிய மாட்யூல்கள் விழித்துக்கொண்டு மறுபடி அரை மணி காக்க வைக்கும். அதற்கு மாற்றாக, ஃப்யூஸைப் பிடுங்காமல் அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துத் தொடலாம். மின்சாரம் ஓடாத ஃப்யூஸ் பூஜ்யம் காட்டும். 10 ஆம்பியர் மினி ஃப்யூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் அதன் வழியாக 100 மில்லியாம்பியருக்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம். நேரம் மிச்சம், கார் தூக்கம் கலையாது. இரண்டில் எதைத் தேர்வு செய்வது என்றால் நான் இந்த இரண்டாவதைத்தான் சொல்வேன். மில்லியாம்பியர் காட்டும் டிசி கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் இன்னும் நல்லது, கேபிளைக் கழற்றாமலே வேலை முடியும். ஆனால் இந்த ஒரு வேலைக்காக அதை நாமே வாங்குவது வீண்.

எல்லா ஃப்யூஸும் சும்மா இருந்தும் எண் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதன் டயோடு ஒன்று கெட்டால் இன்ஜின் நின்ற பிறகும் மின்சாரம் பின்னால் ஓடும். அந்தத் தடித்த ஒயர் கேபின் ஃப்யூஸ் பெட்டி வழியாக வராததால் தேடலில் தப்பிவிடும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்த ஒயரைத் தனியாக்கி, மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். இது வந்தால் சோம்பல் பார்க்காமல் மெக்கானிக்கிடம் போங்கள். டிக்கி லைட் அணைகிறதா, கிளவ் பாக்ஸ் விளக்கு அணைகிறதா என்பதை உள்ளே ஃபோனை வீடியோவில் வைத்து மூடிப் பார்க்கலாம். எலி கடித்த ஒயரைச் சொல்லவே வேண்டாம், மழைக்காலத்தில் அது தனி ராஜ்யம்.

சாவி இல்லாமல் பட்டனில் ஸ்டார்ட் ஆகும் கார்களுக்கு ஒரு விஷயம். நம் வீடுகளில் சாவி மாட்டும் கொக்கி வாசல் கதவை ஒட்டியே இருக்கும், போர்ட்டிகோவில் கார் நாலடி தூரத்தில். சில மாடல்கள் சாவி பக்கத்தில் இருக்கிறது என்று உணர்ந்து அடிக்கடி விழிக்கும். கொக்கியை உள் அறைக்கு மாற்றிப் பாருங்கள், செலவே இல்லை.

பழுது இல்லை, ஓட்டத்தான் நேரமில்லை

பெரும்பாலோர் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். இங்கேதான் உண்மையான தேர்வுகள்.

தினம் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதை முதலில் கழித்துவிடலாம். ஸ்டார்ட் ஆக எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, அது ஐடிலில் திரும்பி வந்துவிடும். ஆனால் நின்ற நாட்களில் இழந்ததை ஐடில் ஈடு செய்யாது. லெட்-ஆசிட் பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மிக மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும், அதற்கு மணிக்கணக்கு வேண்டும். நடுவில் பெட்ரோல் போகிறது, இன்ஜின் சரியாகச் சூடாகாமல் சைலன்ஸரில் தண்ணீர் தங்குகிறது. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஓட்டிவிட்டு வருவது வேறு விஷயம். டயருக்கும் பிரேக்குக்கும் கூட அது நல்லது. ஓட்ட ஆள் இருந்தால் இதைவிட மேலான வழி கிடையாது. அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் முதல் மாதம் நடக்கும், அப்புறம் நடக்காது.

ஜம்ப் கேபிளும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரும் அவசரத்துக்கானவை, தீர்வல்ல. இரண்டில் ஒன்று வைத்திருப்பது நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் ஜம்ப் ஸ்டார்ட்டரை வைக்காதீர்கள், வீட்டுக்குள் வைத்து சில மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். கேபிள் என்றால் தடித்த செம்பு உள்ளதாகப் பாருங்கள். மலிவுக் கேபிளில் தடித்து இருப்பது மேலே உள்ள ரப்பர்தான். வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியைக் கழற்றி வந்து ஜம்ப் கொடுக்கும் வீரர்களும் உண்டு. அதுவும் 12 வோல்ட்தான், வேலை செய்யும், இடுப்புக்கு உத்தரவாதமில்லை. ஒவ்வொரு முறை பேட்டரி அடிமட்டம் வரை இறங்கும்போதும் தகட்டில் சல்ஃபேட் கெட்டித்துக் கொள்ளளவு குறைகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஜம்ப் போட்டே காலம் தள்ளினால் நல்ல பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

ஸ்மார்ட் சார்ஜர், அதாவது பேட்டரி நிறைந்ததும் தானே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிப் பராமரிக்கும் வகை, பேட்டரியின் பார்வையில் மிகச் சிறந்தது. எப்போதும் நிறைவாக இருக்கும், கடிகாரம், அலாரம், டிராக்கர் எதுவும் நிற்காது. சில ஆயிரம் ரூபாய் ஆகும். தனி வீடு, போர்ட்டிகோவில் பிளக் பாயின்ட் என்றால் இதையே வாங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் உங்கள் இடத்துக்குப் பிளக் ஏது? அசோசியேஷனிடம் அனுமதி கேட்டு, பொது மீட்டரில் இருந்து ஒயர் இழுத்து, அதற்கு ஒரு கூட்டம் போட்டு… அந்தப் பாதையில் போக வேண்டாம். பட்டறையில் இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை நாட்கணக்கில் மாட்டி வைப்பதும் ஆபத்து. அது நிறைந்தது என்று உணராமல் தண்ணீரைக் கொதிக்க விட்டுவிடும்.

சோலார் தகடு கேட்க நன்றாக இருக்கிறது. தரைத்தள பார்க்கிங்கில் வெயில் இல்லை, வெளியில் நிற்கும் காருக்குக் கவர் போட்டிருப்போம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்து லைட்டர் சாக்கெட்டில் செருகும் வகை இன்னும் மோசம். பல கார்களில் சாவி எடுத்ததும் அந்த சாக்கெட் செத்துவிடும், தகடு யாருக்கு சார்ஜ் ஏற்றும்?

கட்-ஆஃப் சுவிட்ச்தான் அடுக்குமாடிக்காரர்களுக்கு என் பரிந்துரை. நெகட்டிவ் முனையில் மாட்டி, நிறுத்தியதும் ஒரு திருகு திருகினால் முழுத் துண்டிப்பு. சில நூறு ரூபாய். அப்புறம் பேட்டரி தன் சொந்த இழப்பை மட்டும் தாங்கினால் போதும். நம் ஊர் வெயிலில் அது குளிர்நாடுகளைவிட வேகம்தான், ஆனாலும் நல்ல பேட்டரி இரண்டு மூன்று மாதம் தாராளமாக நிற்கும். மலிவான பச்சைக் குமிழ் வகையைவிட கத்தி போல மடங்கும் பித்தளை வகை நல்லது. குமிழின் மரை தேய்ந்து லூஸானால் செல்ஃப் எடுக்கும்போது சூடாகும். அந்தச் சின்ன விலை வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது.

இதற்கு விலையும் உண்டு. அலாரம் வேலை செய்யாது, ரிமோட் வேலை செய்யாது, சாவியைத் துளையில் போட்டுத்தான் திறக்க வேண்டும். மின்சாரத்தில் மட்டும் திறக்கும் டிக்கி என்றால் அதற்குள் எதையும் வைத்துப் பூட்டாதீர்கள். பேட்டரியே டிக்கிக்குள் இருக்கும் கார்களுக்கு இந்த யோசனையே வேண்டாம். மீண்டும் மாட்டியதும் ஜன்னல் ஆட்டோ-அப்பை மறுபடி பழக்க வேண்டியிருக்கும், சில மியூசிக் செட்கள் ரகசிய எண் கேட்கும், முதல் சில நிமிடம் ஐடில் கொஞ்சம் ஆடும். இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே திருகுங்கள். ஓடும்போது தொடவே கூடாது, ஆல்டர்னேட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே போகலாம்.

ஒரே எச்சரிக்கை: 400 மில்லியாம்பியர் ஓடும் காரில் காரணம் தேடாமல் சுவிட்சை மட்டும் போட்டு மறைக்காதீர்கள். எங்கேயோ உருகும் ஒயராக இருந்தால் காரை எடுத்து ஓட்டும் நேரமெல்லாம் அது உருகிக்கொண்டுதான் இருக்கும். வாரன்ட்டியில் இருக்கும் கார், வெளியில் எந்தப் பொருளும் மாட்டவில்லை என்றால், உங்கள் அளவை எழுதிக்கொண்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அங்கே உங்கள் நேரம் மட்டும்தான் செலவு.

மின்சார கார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேவை அதுதான் இயக்குகிறது. பெரியதில் 80 சதவீதம் இருக்க, சின்னது படுத்தால் கதவுகூடச் சரியாகத் திறக்காது. அங்கே கட்-ஆஃப் சுவிட்ச் எல்லாம் போட வேண்டாம், கம்பெனிக் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

கடைசியில் பேட்டரியே மாற்றத்தான் வேண்டும் என்று சோதனை சொன்னால், அதே ஆம்பியர்-அவர், அதே பக்கம் பாசிட்டிவ் முனை உள்ளதைக் கேளுங்கள். சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதி உள்ள காருக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும், விலை குறைவு என்று சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரமே திரும்பி வருவீர்கள். கடையில் தூசி படிந்து கிடந்ததை வாங்காமல் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். வாரன்ட்டி கார்டில் எத்தனை மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் என்பதைத் தனித்தனியாகப் படியுங்கள். நிறுத்தி வைத்து இறங்கிய பேட்டரியைக் கொண்டுபோனால் சார்ஜ் போட்டுத் திருப்பித் தருவார்கள், தயாரிப்புக் குறை இருந்தால்தான் மாற்றுவார்கள். பழைய பேட்டரிக்கு உள்ளே இருக்கும் ஈயத்துக்காகவே விலைக் கழிவு உண்டு, பில்லில் அது குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.